ஷேக்ஸ்பியருக்கு எத்தனை தாய்நாடு?

1943 ஜனவரி 24, ஞாயிற்றுக்கிழமை. அன்று பூனா என்று அழைக்கப்பட்ட புனேயின் கன்டோன்மென்ட் பகுதியில், கேபிடல் தியேட்டரில் குண்டு வெடித்தது. படம் பார்க்க வந்திருந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் சிலர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தின் தலைமறைவுக் குழு ஒன்று திட்டமிட்டுச் செய்த காரியம் அது. அந்தக் குழுவில் ராணுவத் தளவாடக் கிடங்கில் வேலை பார்த்த பாஸ்கர் கர்ணிக் என்ற இளைஞரும் இருந்தார். பிடிபட்டதும் போலீஸ் காவலிலேயே விஷம் உட்கொண்டு உயிரை விட்டார். ஊரின் இன்னொரு மூலையில், ஆகா கான் மாளிகையில் காந்தி காவலில் இருந்தார். பிப்ரவரி 10 அன்று தம்முடைய 21 நாள் உண்ணாவிரதத்தைத் தொடங்கினார். மேற்கே பிரபாத் ஸ்டூடியோ. 1933-இல் கோலாப்பூரிலிருந்து புனேக்கு வந்த அந்த நிறுவனத்தை விட்டு அதன் தூண்களில் ஒருவரான வி. சாந்தாராம் 1942-இல் விலகிப் போயிருந்தார்.

உலகப் போர் நடந்த ஆண்டுகளில் சினிமாக் கொட்டகையும் ஒரு போர்முனைதான். அந்த முனையில் நடந்த வினோதமான சண்டைகளில் ஒன்று எழுத்தாளர்களைப் பற்றியது. ஷேக்ஸ்பியர், மில்டன், கிப்ளிங் போன்ற பெயர்களை பிரிட்டன் தன் பிரசாரப் படங்களில் அணிவகுக்க வைத்தது. ஷேக்ஸ்பியர் எங்களவர் என்று ஜெர்மனி அடித்துச் சொன்னது. அதே எழுத்தாளர்களைக் கல்லூரியில் படித்து, மொழிபெயர்த்து, மேடையேற்றிய இந்தியர்களின் தலைவர்கள் அந்த நேரத்தில் சிறையில் இருந்தார்கள். இந்த மூன்று தரப்பில் எதன் உரிமை உறுதியானது என்ற கேள்வியைப் புனேயிலிருந்து பார்த்தால் லண்டனிலும் பெர்லினிலும் தெரியாத சில விஷயங்கள் தெரிகின்றன.

முதலில் லண்டன். 1941-இல் ‘பிம்பர்னல் ஸ்மித்’ என்ற படம் வெளிவந்தது. தயாரித்து, இயக்கி, முக்கிய வேடத்தில் நடித்தவர் லெஸ்லி ஹோவர்ட். போர் மூளும் தறுவாயில் ஜெர்மனிக்கு அகழாய்வு என்ற பெயரில் போய், நாஜிகளிடம் சிக்கிய அறிஞர்களையும் கலைஞர்களையும் ரகசியமாகத் தப்பவைக்கும் கேம்பிரிட்ஜ் பேராசிரியரின் கதை. பேராசிரியரைத் துரத்தும் நாஜி அதிகாரி வான் கிராவும் ஆங்கிலேயரின் பலம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க உட்ஹவுஸ், லூயிஸ் கரோல் என்று நகைச்சுவைப் புத்தகங்களாகப் புரட்டுகிறார். ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு விருந்தில் அவர் பேராசிரியரிடம் ஷேக்ஸ்பியர் ஜெர்மானியர் என்று வாதிடுகிறார். பேராசிரியர் பணிவாகவே பதில் சொல்லி அந்த வாதத்தின் காற்றைப் பிடுங்கிவிடுகிறார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. பின்னால் வேறொரு காட்சியில் அதே பேராசிரியர், ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியவர் ஷேக்ஸ்பியரே இல்லை, ஆக்ஸ்ஃபோர்டு பிரபுதான் என்று தம் ஆராய்ச்சி காட்டுவதாகச் சொல்கிறார்.

அந்த வசனத்துக்குப் பின்னால் ஒரு நிஜமான வாதம் இருக்கிறது. 1920-இல் ஜே. தாமஸ் லூனி என்ற ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர், 17-ஆவது ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவான எட்வர்ட் டி வேர்தான் உண்மையான ஆசிரியர் என்று புத்தகம் எழுதினார். சிக்மண்ட் ஃபிராய்டு போன்றவர்களே அதை நம்பினார்கள். டி வேர் 1604-இல் இறந்துபோனார். அதற்குப் பிறகும் ஷேக்ஸ்பியரின் புதிய நாடகங்கள் மேடையேறிக்கொண்டிருந்தன என்ற ஒரு விவரமே அந்தக் கொள்கையைச் சாய்க்கப் போதுமானது. இருந்தும் அது உயிரோடு இருப்பதற்குக் காரணம், ஸ்ட்ராட்ஃபோர்டில் கையுறை தைத்து விற்றவரின் மகனுக்கு இத்தனை அறிவு எப்படி வந்திருக்கும் என்ற மேட்டுக்குடிச் சந்தேகம்தான். வள்ளுவரின் பிறப்பையும் குலத்தையும் சமயத்தையும் பற்றி நம்மிடையே நடந்த வழக்குகளை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த மனப்பாங்கை விளக்க வேண்டியதில்லை. ஜெர்மானியரின் உரிமைக்கோரலை மறுக்கப் புறப்பட்ட ஓர் ஆங்கிலப் படமே, சொந்த ஊர்க்காரரை ஒரு பிரபுவிடம் ஒப்படைத்துவிட்டது.

படத்தின் பின்னணியும் சுவையானது. மூலக்கரு ‘தி ஸ்கார்லெட் பிம்பர்னல்’ நாவல். அதை எழுதிய எம்மா ஆர்ட்ஸி ஹங்கேரியில் பிறந்தவர். ஆங்கிலக் கனவானின் வார்ப்படமாகத் திரையில் நின்ற லெஸ்லி ஹோவர்டின் தந்தை ஹங்கேரிய யூதர். ஸ்டாக்ஹோமில் ஒரு தனிக்காட்சியில் இந்தப் படத்தைப் பார்த்த ரவுல் வாலன்பெர்க், தாமும் இப்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று சொன்னதாக அவருடைய தங்கை பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1944-இல் வாலன்பெர்க் புடாபெஸ்ட் போய் ஆயிரக்கணக்கான யூதர்களை ஸ்வீடன் பாதுகாப்புப் பத்திரங்கள் கொடுத்துக் காப்பாற்றினார். பிரசாரப் படம் என்றதும் முகம் சுளிப்பவர்கள் இந்த ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஹோவர்ட் அதைக் கேட்க உயிரோடு இல்லை. 1943 ஜூன் 1 அன்று லிஸ்பனிலிருந்து திரும்பிய அவருடைய பயணிகள் விமானத்தை ஜெர்மன் போர் விமானங்கள் பிஸ்கே வளைகுடாவுக்கு மேலே சுட்டு வீழ்த்தின.

வான் கிராவும் சொன்னது வெறும் கற்பனை வசனம் என்று நினைத்தால் தவறு. ஷேக்ஸ்பியர் மீது ஜெர்மனிக்கு நியாயமான பழைய பாத்தியதை உண்டு. ஷ்லேகல் 1797 முதல் செய்த மொழிபெயர்ப்புகள், அவற்றை டோரோதெயா டீக்கும் பாவ்டிஸினும் நிறைவு செய்த விதம், இவை எல்லாம் ஜெர்மன் இலக்கியத்தின் உயிர்நரம்பாகவே ஆகிவிட்டவை. 1864-இல் வைமார் நகரில் தொடங்கிய ஜெர்மன் ஷேக்ஸ்பியர் கழகம் உலகத்தில் இன்றும் இயங்கிவரும் ஷேக்ஸ்பியர் சங்கங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. முதல் உலகப் போரின் நடுவே, ஷேக்ஸ்பியர் பிறந்தது இங்கிலாந்தில் என்றாலும் உண்மையாக வாழ்வது ஜெர்மனியில்தான் என்ற பொருள்பட நாடகாசிரியர் கெர்ஹார்ட் ஹவுப்ட்மன் பேசினார். மொழிபெயர்த்து, நடித்து, ஒரு நூற்றாண்டுக்கு மேல் சீராட்டியவர்களுக்கு அப்படிப் பேசும் உரிமை ஓரளவு இருக்கத்தான் செய்தது.

அந்தச் சீராட்டலின் மீது நாஜிகள் ஏறி உட்கார்ந்ததுதான் கொடுமை. 1939-இல் போர் தொடங்கியதும் எதிரி நாட்டு நாடகங்களை ஜெர்மன் மேடைகள் விலக்கின. ஷேக்ஸ்பியருக்கும், ஐரிஷ்காரர் என்ற சலுகையில் பெர்னார்ட் ஷாவுக்கும் மட்டும் விதிவிலக்கு. 1943-இல் வியன்னாவின் புர்க் தியேட்டரில் ‘வெனிஸ் வணிகன்’ மேடையேறியது. ஷைலாக்காக நடித்தவர் வெர்னர் கிராவுஸ். 1940-இல் வெளிவந்த ‘யூத் ஸ்யூஸ்’ என்ற யூத வெறுப்புப் பிரசாரப் படத்தில் பல யூத வேடங்களை ஏற்றவர் அவர்தான். வியன்னாவின் யூதர்களை ரயிலேற்றி அனுப்பி முடித்திருந்த நகரத்தில், அந்த நாடகம் அந்த நடிகரோடு நடந்தது. ஓர் ஆசிரியரை நேசிப்பதும் அவரைக் கருவியாக்குவதும் ஒரே மேடையில் எப்படி நடக்கும் என்பதற்கு இதைவிடக் கடுமையான சாட்சி தேவையில்லை.

உட்ஹவுஸின் கதை இன்னும் சிக்கலானது. 1940-இல் பிரான்சில் ஜெர்மானியரிடம் சிக்கிய அவரை அடைத்துவைத்து, 1941 ஜூனில் விடுவித்து, பெர்லின் வானொலியில் ஐந்து முறை பேச வைத்தார்கள். பேச்சில் அரசியல் இல்லை, முகாம் வாழ்க்கை பற்றிய வேடிக்கைதான். ஆனால் குண்டு மழையில் நனைந்துகொண்டிருந்த பிரிட்டனில் அது துரோகமாகப் பட்டது. பி.பி.சி.யிலேயே அவரைக் கடுமையாகத் தாக்கினார்கள், சில நூலகங்கள் அவருடைய புத்தகங்களை அகற்றின. அதே மாதங்களில்தான் ‘பிம்பர்னல் ஸ்மித்’ திரைக்கு வந்தது. திரையில் உட்ஹவுஸைப் புரிந்துகொள்ள முடியாமல் தவிக்கும் நாஜி. நிஜத்தில் அவரை ஒலிவாங்கியின் முன் உட்காரவைத்த நாஜி. அவருக்காக 1945-இல் வாதாடி எழுதியவர் ஜார்ஜ் ஆர்வெல்.

பிரிட்டனின் பதில் இரண்டு படங்களில் தெளிவாகத் தெரிகிறது. ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் 1941-இல் எடுத்த ‘வேர்ட்ஸ் ஃபார் பேட்டில்’ எட்டே நிமிடக் குறும்படம். மில்டன், பிளேக், பிரௌனிங், கிப்ளிங் ஆகியோரின் வரிகளை லாரன்ஸ் ஒலிவியே படிக்க, திரையில் போர்க்கால இங்கிலாந்தின் வயல்களும் வீதிகளும் குழந்தைகளும் ஓடுகின்றன. அழகான படம், இன்று பார்த்தாலும் மனம் நெகிழும். இரண்டாவது, ஒலிவியே இயக்கி நடித்து 1944 நவம்பரில் வெளிவந்த ‘ஐந்தாம் ஹென்றி’. பிரிட்டனின் கமாண்டோக்களுக்கும் வான்வழிப் படைகளுக்கும் காணிக்கையாக்கப்பட்ட படம் அது. அஜின்கோர்ட் போர்க்களத்தை நடுநிலை நாடான அயர்லாந்தில் படமாக்கினார்கள். தயாரிப்பின் பின்னால் இருந்த ஃபிலிப்போ டெல் கியூடிசே இத்தாலியர், போரின்போது எதிரி நாட்டவர் என்று சிறிது காலம் அடைத்துவைக்கப்பட்டவர். ஆங்கிலேய வீரத்தின் அடையாளப் படங்களை உருவாக்கியதில் வந்தேறிகளின் பங்கு இவ்வளவு பெரியது.

ஒலிவியே எதை வைத்தார் என்பதைவிட எதை வெட்டினார் என்பது முக்கியம். மூலத்தில் ஹென்றி ஒரு நகரத்தின் வாயிலில் நின்று, சரணடையாவிட்டால் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்ன நேரும் என்று மிரட்டுகிறான். படத்தில் அது இல்லை. சிறைபிடித்த பிரெஞ்சுக்காரர்களைக் கொல்லும்படி இடும் உத்தரவு இல்லை. சதி செய்த சொந்தப் பிரபுக்களைத் தண்டிக்கும் காட்சி இல்லை. வென்ற பிரான்ஸ் அடுத்த தலைமுறையில் கைநழுவிப்போகும் என்ற கடைசிக் குறிப்பும் இல்லை. ஷேக்ஸ்பியர் போரின் இரு முகத்தையும் எழுதினார். போர்க்கால அரசுக்கு ஒரு முகம் போதுமாக இருந்தது. உரிமை கொண்டாடிய இரு தரப்புமே ஆசிரியரை முழுதாகக் கேட்கவில்லை. வேண்டிய பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டன.

இந்தியாவிலிருந்து பார்க்கும்போது கோபம் வருவது மில்டன் விஷயத்தில். அச்சுக்கு முன்னதாகவே தணிக்கை கூடாது என்று 1644-இல் வாதாடியவர் மில்டன். அந்த நூலிலிருந்துதான் ஜென்னிங்ஸின் படம் வரிகளை எடுத்தது. அதே காலத்தில் இந்தியாவில் இந்தியப் பாதுகாப்பு விதிகள் பத்திரிகைகளின் கழுத்தில் இருந்தன. காந்தி எரவாடா சிறையில் இருந்தபோது 1933 பிப்ரவரியில் புனேயில் தொடங்கப்பட்ட ‘ஹரிஜன்’ இதழை 1942 ஆகஸ்டில் அரசு முடக்கியது. லண்டனில் மில்டன் சுதந்திரத்தின் குரல். பூனாவில் அந்தக் குரலை யாராவது சொந்தமாக எழுப்பினால் சிறை. ஜென்னிங்ஸ் மீது இதில் குற்றமில்லை. தம்முடைய படத்தை அவர் நேர்மையாக எடுத்தார். குற்றம், அந்தச் சொற்களை ஒரு தீவுக்கு மட்டும் செல்லுபடியாக்கிய ஆட்சியின் மீது.

இந்தியாவுக்கு என்று தனிப் பிரசாரப் படங்களும் தயாராயின. 1940-இல் பம்பாயில் ஃபிலிம் அட்வைஸரி போர்டு அமைந்தது. ஜே.பி.எச். வாடியா தலைவர், லண்டனிலிருந்து ஆவணப்பட இயக்குநர் அலெக்சாண்டர் ஷா வந்தார். சாந்தாராமும் சில காலம் அதில் பொறுப்பு வகித்தார், பிறகு எஸ்ரா மீர். 1943-இல் அது இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் ஆஃப் இந்தியா என்றும், செய்திப்படப் பிரிவு இந்தியன் நியூஸ் பரேட் என்றும் உருமாறின. ஆங்கிலம், இந்துஸ்தானி, வங்காளி, தெலுங்கோடு தமிழிலும் படங்கள் வந்தன. அவற்றைக் கட்டாயம் திரையிட வேண்டும், வாடகையும் தர வேண்டும் என்று அதே ஆண்டு கொட்டகைக்காரர்களுக்கு உத்தரவு வந்தது. திருச்சியிலோ மதுரையிலோ புராணப் படம் பார்க்கப் போனவர் முதலில் டாங்கிகளையும் தொழிற்சாலைகளையும் பார்த்துவிட்டுத்தான் நாரதரைப் பார்க்க வேண்டும். மக்களுக்கு அந்தப் படங்கள் மீது ஏற்பட்ட கசப்பு ஆழமானது. 1946-இல் மத்திய சட்டசபை நிதியை மறுத்ததும் அமைப்பே மூடப்பட்டது. அதனால்தான் 1947 ஆகஸ்ட் 15-ஐப் படம்பிடிக்க அரசிடம் ஒரு படப்பிரிவு இல்லாமல் போனது. ஃபிலிம்ஸ் டிவிஷன் பிறந்தது 1948-இல்.

கதைப் படங்களுக்கும் நெருக்கடி. கச்சா ஃபிலிம் கப்பலில் வர வேண்டும், வருவது குறைந்தது, இருப்பது அரசின் ஒதுக்கீட்டில். ஒரு படம் 11,000 அடிக்கு மேல் நீளக் கூடாது. யுத்த ஆதரவுப் படம் எடுப்பவருக்கு ஃபிலிம் கிடைக்கும் என்ற நிலை வந்தது. 1945-இல் தமிழில் அத்தகைய மூன்று படங்கள் வந்தன: சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரத்தின் ‘பர்மா ராணி’, கே. சுப்ரமணியத்தின் ‘மானசம்ரட்சணம்’, ஜெமினிக்காகக் கொத்தமங்கலம் சுப்பு எடுத்த ‘கண்ணம்மா என் காதலி’. பர்மா என்ற சொல்லுக்குத் தமிழ்க் குடும்பங்களில் அன்று இருந்த கனத்தை இப்போது கற்பனை செய்வது கடினம். 1942-இல் ரங்கூனிலிருந்து காடும் மலையும் கடந்து நடந்து வந்த லட்சக்கணக்கான இந்தியர்களில் செட்டிநாட்டுக் கணக்குப்பிள்ளைகளும் தஞ்சாவூர், ராமநாதபுரத்துக் கூலிகளும் இருந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. அந்தக் கண்ணீரை அரசு தன் பிரசாரத்துக்குக் கடன் வாங்கியது. எதிர்ப்பக்கத்தில், நேதாஜியின் படையில் மலாயாவின் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

கே. சுப்ரமணியத்தின் பெயர் இந்தப் பட்டியலில் இருப்பது சிலரை உறுத்தும். 1939-இல் கல்கியின் கதையில் ‘தியாக பூமி’ எடுத்து, அரசின் தடையைச் சந்தித்தவர் அவர். அவரைச் சந்தர்ப்பவாதி என்று சொல்வது அநியாயம். சுருளுக்காகக் கையேந்தாமல் அன்று ஸ்டூடியோ நடத்த முடியாது. அவருடைய கூலிக்காரர்களுக்கும் நடிகர்களுக்கும் சம்பளம் தர வேண்டியிருந்தது. தடைபட்ட அந்த ‘தியாக பூமி’யின் பிரதி பிழைத்துக் கிடைத்தது புனேயில், தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில்.

நெருக்கடிக்குள்ளேயே வழி கண்டவர்களும் உண்டு. 1943-இல் வந்த ‘கிஸ்மத்’ படத்தில் கவி பிரதீப் எழுதிய ஒரு பாட்டு, இந்தியாவை விட்டு அந்நியர்கள் விலகட்டும் என்றது. பாட்டில் ஜெர்மனி, ஜப்பான் பெயர்கள் இருந்ததால் தணிக்கை அதிகாரிகள் அனுமதித்தார்கள். கொட்டகையில் மக்கள் எந்த அந்நியரை நினைத்துக் கைதட்டினார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சாந்தாராம் இன்னும் துணிச்சலாக ஒன்று செய்தார். யுத்த ஆதரவுப் படம் என்ற கணக்கில் சோலாப்பூர் டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸின் வாழ்க்கையை எடுத்தார். காங்கிரஸ் 1938-இல் சீனாவுக்கு அனுப்பிய மருத்துவக் குழுவில் போய், ஜப்பானியப் படையெடுப்பின் நடுவே பணிசெய்து அங்கேயே இறந்தவர் கோட்னிஸ். எதிரி ஜப்பான் என்பதால் அரசுக்கு ஆட்சேபம் இல்லை. நாயகன் காங்கிரஸ் அனுப்பிய தேசபக்தன் என்பதால் மக்களுக்கு மகிழ்ச்சி. ‘டாக்டர் கோட்னிஸ் கி அமர் கஹானி’ 1946-இல் வெளிவந்தது. பிரபாத்தும் சும்மா இருக்கவில்லை. பேஷ்வாவையே குற்றவாளி என்று தீர்ப்பளித்த புனே நீதிபதியின் கதையான ‘ராம் சாஸ்திரி’ 1944-இல் வந்தது. ஆட்சியாளனுக்கு அஞ்சாத நீதியைப் பற்றி, ஆட்சியாளன் எல்லாரையும் சிறையில் வைத்திருந்த வேளையில்.

திரையைவிட வானொலியில் இலக்கிய உரிமைச் சண்டை நேரடியாக நடந்தது. ஆர்வெல் 1941 ஆகஸ்டிலிருந்து 1943 நவம்பர் வரை பி.பி.சி.யின் கிழக்குப் பிரிவில் இந்தியாவுக்கான நிகழ்ச்சிகளைத் தயாரித்தார். பெர்லினிலிருந்து சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்து வானொலி பேசிக்கொண்டிருந்தது. அதற்கு லண்டனின் பதில் ஒரு பக்கம் செய்தி விமர்சனம், இன்னொரு பக்கம் எலியட், ஃபார்ஸ்டர், ‘மாக்பெத்’. இந்தியக் கல்லூரிகளில் பாடமாக இருந்த நூல்களைப் பற்றிப் பெரிய எழுத்தாளர்களைப் பேச வைத்தார் ஆர்வெல். அவர் எழுதிய செய்தி மடல்கள் தமிழ், மராத்தி உட்பட இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டு ஒலிபரப்பாயின. பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பு தொடங்கியதே 1941 மே மாதத்தில்தான்.

1942-இல் ‘வாய்ஸ்’ என்ற வானொலிக் கவிதை இதழின் ஒலிப்பதிவில் எடுத்த புகைப்படம் ஒன்று பலமுறை அச்சாகியிருக்கிறது. எலியட், எம்ப்ஸன், ஆர்வெல், முல்க் ராஜ் ஆனந்த் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். ‘பொயட்ரி லண்டன்’ இதழை நடத்திய இலங்கைத் தமிழர் ஜே.எம். தம்பிமுத்து இருக்கிறார். புடவையில் இருப்பவர் வேணு சிதளே. கோலாப்பூர்ப் பக்கத்தில் பிறந்து, புனேயின் ஹுசூர்பாகா பெண்கள் பள்ளியில் படித்தவர். ஆர்வெலின் உதவியாளராக இருந்து மராத்தியிலும் ஆங்கிலத்திலும் ஒலிபரப்பியவர். ஊர் திரும்பியபின் 1950-இல் ‘இன் டிரான்ஸிட்’ என்று ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். புனேயின் ஒரு பிராமணக் குடும்பம் மூன்று தலைமுறையில் மாறும் கதை. ஆர்வெலைப் பற்றி எழுதுபவர்கள் அந்தப் புகைப்படத்தின் கீழே அவருடைய பெயரைப் போட்டுவிட்டுக் கடந்துபோகிறார்கள். அது சரியில்லை. ஆங்கில இலக்கியம் யாருடையது என்ற வாதத்துக்கு ஒரு புனேப் பெண், தானே ஆங்கிலத்தில் எழுதி, வாழ்ந்து காட்டிய பதில் அந்த நாவல்.

ஆர்வெல் பதவி விலகியபோது, பயன் தராத வேலைக்கு அரசின் பணத்தையும் தம் நேரத்தையும் வீணாக்குவதாகச் சொல்லித்தான் விலகினார். இந்தியாவில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் கொஞ்சம். வைத்திருந்தவர்களில் பலருக்கும், நேருவை அகமத்நகர்க் கோட்டையில் அடைத்துவைத்த அரசு தங்களுக்குக் கவிதை சொல்வது பிடிக்கவில்லை.

மூன்றாவது தரப்புக்கு வருவோம். அதன் ஆவணங்கள் போருக்கு அறுபதாண்டு முந்தியவை. 1882-இல் திலகரும் கோபால் கணேஷ் அகர்கரும் தங்கள் பத்திரிகைகளில் கோலாப்பூர் திவானைப் பற்றி எழுதியதற்காக பம்பாய் டோங்கிரி சிறையில் 101 நாள் இருந்தார்கள். அங்கே அகர்கர் ஈடுபட்ட வேலைகளில் ஒன்று ‘ஹாம்லெட்’ நாடகத்தை மராத்தியில் பெயர்ப்பது. 1883-இல் ‘விகார் விலசித்’ என்று அது வெளிவந்தது. புனேயின் ஃபெர்குசன் கல்லூரியை உருவாக்கியவர்களில் ஒருவர், பிற்பாடு ‘சுதாரக்’ இதழில் சாதியையும் மூடவழக்கத்தையும் தாக்கியவர், ஆங்கிலேயச் சிறையில் உட்கார்ந்து ஆங்கிலக் கவியை மொழிபெயர்த்தார். ஷாஹுநகர்வாசி நாடக மண்டலியின் கண்பத்ராவ் ஜோஷி ஹாம்லெட்டாக நடித்து மராத்தி மேடையில் பெரும்புகழ் அடைந்தார். கோவிந்த் பல்லாள் தேவல் ‘ஒதெல்லோ’வை ‘ஜுஞ்சார்ராவ்’ ஆக்கினார். 1970-இல் குசுமாக்ரஜ் என்ற வி.வா. சிர்வாட்கர் எழுதிய ‘நடசாம்ராட்’டில் லியர் மன்னனின் சாயல் விழுந்த ஒரு வயோதிக நடிகன் மராத்தி வீடுகளைக் கலங்க வைத்தான்.

சென்னையில் சுகுண விலாச சபையின் பம்மல் சம்பந்த முதலியார் ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்யன்’ ஆக்கித் தாமே அந்த வேடம் கட்டினார். ‘மாக்பெத்’தும் ‘வெனிஸ் வணிகன்’ நாடகமும் அவர் கையில் தமிழாயின. செருகளத்தூர் சாமாவின் ‘ஷைலாக்’ படம் 1940-இல் வந்தது. அதே பாத்திரத்தை வியன்னா எதற்குப் பயன்படுத்தியது என்பதைப் பார்த்தோம். நம் மேடைகளில் யூத வெறுப்புக்கு வேர் இல்லை; வட்டிக்கடைக்காரனின் கொடுமைதான் இங்கே கதையாயிற்று. ஒரே நாடகம் எந்த மண்ணில் விழுகிறது என்பது அதன் விளைச்சலைத் தீர்மானிக்கிறது.

1916-இல், ஷேக்ஸ்பியர் மறைந்து 300 ஆண்டு ஆனபோது, லண்டனில் இஸ்ரேல் கோலன்ஸ் பதிப்பித்த காணிக்கை மலரிலும் கிழக்கின் குரல்கள் இருந்தன. தாகூர் கவிதை அனுப்பினார். கொழும்பில் பிறந்த தமிழ்த் தந்தையின் மகனான ஆனந்த குமாரசுவாமி எழுதினார். தென்னாப்பிரிக்காவின் சால் பிளாட்ஜே தம் ட்ஸ்வானா மொழியில் எழுதினார். ஜெர்மனியோடு போர் நடந்துகொண்டிருந்ததால் ஜெர்மன் அறிஞர்கள் மட்டும் அதில் இல்லை. ஷ்லேகலின் நாட்டை விட்டுவிட்டு உலகம் ஷேக்ஸ்பியருக்கு விழா எடுத்தது. அன்றைய வெறுப்புக்கு அதைவிடத் தெளிவான அளவுகோல் இல்லை.

மூன்று தரப்பையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, பிறந்த ஊரை வைத்துக் கோரும் உரிமை மிக மெலிந்ததாகத் தெரிகிறது. பிறப்பே கணக்கு என்றால் பம்பாயில் பிறந்த கிப்ளிங்கும், பீகாரின் மோதிஹாரியில் பிறந்த ஆர்வெலும் நம்மவர்கள். மோதிஹாரி வீட்டை பீகார் அரசு நினைவிடமாகப் பாதுகாப்பது நல்ல காரியம், ஆனால் ஆர்வெல் தமிழனுக்குச் சொந்தமாவது க.நா.சு. அவரை மொழிபெயர்த்ததால். அதிகாரத்தின் தேவைக்காகக் கோரும் உரிமை இன்னும் மெலிந்தது. போர் முடிந்ததும் காலாவதியாகிவிடுகிறது. உழைத்துப் பெற்ற உரிமை நிற்கிறது. ஷ்லேகலுக்கும் அகர்கருக்கும் பம்மலாருக்கும் இருப்பது அது. நாஜிகளால் ஷ்லேகலின் உரிமையை ரத்து செய்ய முடியவில்லை, ஆங்கிலேயச் சிறையால் அகர்கரின் உரிமையைத் தடுக்க முடியவில்லை.

ஆசிரியர் இறந்தபிறகு நடக்கும் பறிப்பு இன்னும் எளிது. ஆர்வெல் 1950 ஜனவரியில் இறந்தார். அமெரிக்க உளவுத் துறையின் மறைமுகப் பணத்தில் ‘விலங்குப் பண்ணை’ கார்ட்டூன் படமாகி 1954-இல் வெளிவந்தது. எடுத்தவர்கள் ஜான் ஹாலஸும் ஜாய் பேட்ச்சிலரும். போரின்போது பிரிட்டிஷ் அரசுக்குப் பிரசாரக் கார்ட்டூன்கள் செய்து கொடுத்த தம்பதி. கதையின் முடிவில் ஆர்வெல் பன்றிகளையும் மனிதர்களையும் வேறுபாடு தெரியாதபடி ஒன்றாக்கினார். படத்தில் மனிதர்கள் மறைந்து, மற்ற விலங்குகள் பன்றிகளை எதிர்த்துக் கிளர்ந்தெழுகின்றன. முதலாளிகள் மீது ஆர்வெல் வைத்த பாதிக் குற்றச்சாட்டு அதோடு போயிற்று. ஒலிவியேயின் கத்தரி இன்னொரு கைக்கு மாறியது, அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம் சரிபார்க்கப் படங்கள் வேண்டும். புனேயில் 1964 பிப்ரவரியில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது. பி.கே. நாயர் கிராமம் கிராமமாக, கொட்டகை கொட்டகையாக அலைந்து சுருள்களைச் சேர்த்தார். பிரபாத் ஸ்டூடியோவின் நிலத்தில் 1960 முதல் திரைப்படக் கல்லூரி இயங்குகிறது. அங்கே 2003 ஜனவரி 8 அன்று பிடித்த தீயில் காப்பகத்தின் பழைய நைட்ரேட் சுருள்கள் ஏராளமாக எரிந்துபோயின. அவற்றில் பிரபாத் படங்களின் மூலச் சுருள்களும் இருந்தன.

போர்க்காலச் செய்திப்படங்களின் தமிழ்ப் பதிப்புகளை இன்னும் யாரும் தனியாக எடுத்து ஆராய்ந்ததாகத் தெரியவில்லை என்பது வருத்தம் தருகிறது. அந்த வர்ணனைகளை எழுதிய தமிழர்கள் யார், படித்த குரல்கள் எவை, டாங்கியையும் பாராசூட்டையும் எந்தத் தமிழில் சொன்னார்கள், ரங்கூன் வீழ்ச்சியை எப்படிச் சொல்லாமல் விட்டார்கள் என்பதெல்லாம் இன்றும் கண்டுபிடிக்கக் கூடியவை. எஞ்சியிருப்பவை லண்டனின் இம்பீரியல் வார் மியூசியத்திலும் மும்பையிலும் புனேயிலும் சிதறிக் கிடக்கின்றன. மூன்று ஊர்ப் பட்டியல்களையும் ஒப்பிட்டுத் தமிழ்ப் பதிப்புகளை மட்டும் பிரித்தெடுக்கும் வேலையைத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று புனே காப்பகத்தோடு சேர்ந்து தொடங்கலாம். நைட்ரேட் சுருளின் ஆயுள் குறைவு என்பதால் அதைத் தள்ளிப்போட நேரம் இல்லை.